கதவு எண் நாற்பத்தேழு ஏ

கொஞ்சம் பொறுங்க மேடம். அதுல காலின்னு தட்டிடாதீங்க.

பூட்டித்தான் கிடக்கு, நான் இல்லைன்னு சொல்லலை. பூட்டுல துரு ஏறிப்போய், ஷட்டர் அடியில காத்துல வந்த குப்பையெல்லாம் சேர்ந்து கிடக்கு, பாக்குற யாரும் காலின்னுதான் சொல்வாங்க. உங்க போன்ல சொந்த உபயோகம், வாடகை, காலின்னு மூணே பெட்டிதான் இருக்கு, ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்ங்கிறீங்க. தொடுவோம். காலின்னு போட்டா வரியில பாதி குறையும், எனக்குத்தான் லாபம்னு நல்ல மனசோட சொல்றீங்க. அது எனக்குத் தெரியாம இருக்குமா? இந்த பஜார்ல அந்த விஷயம் என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள் கிடையாது.

இந்த ஸ்டூல்ல உட்காருங்க, ஃபேனுக்கு நேரா. டீ சொல்லட்டுமா? வேண்டாம்னா விடுங்க. போன தடவை வந்த சார் டீ குடிச்சாரு. அந்த டீயையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்.

என் பேரு ரத்தினவேல். போர்டுல இருக்கிற கந்தசாமி எங்க அப்பா. இந்தப் பாத்திரக்கடை நாற்பத்தேழு, பக்கத்துல பூட்டிக் கிடக்கிறது நாற்பத்தேழு ஏ. ஒரே கட்டடம்தான், நடுவுல சுவர். எட்டடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், ஜன்னல் கிடையாது. அப்பா அதை வைக்கோல் போட்டு வைக்கிற இடமா வச்சிருந்தாரு. முன்னெல்லாம் பித்தளைச் சாமான் வைக்கோல் சுத்தித்தான் வரும்.

அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ, எப்போ நினைக்கிறாங்களோ அப்போ உங்க ஆபீஸ்ல இருந்து கடைகளுக்கு வரி மறுமதிப்பீடுன்னு வந்து நிப்பீங்க. தப்பு சொல்லலை மேடம், உங்க வேலை அது. ஆனா அந்த மாசம் இந்த பஜார் அடிக்கிற கூத்து உங்களுக்குத் தெரியாது. கடைக்கு வரி ஜாஸ்தி, வீட்டுக்கு வரி கம்மி. அளக்க வர்றாங்கன்னு தெரிஞ்சா பஜார்ல பாதி வீடா மாறிடும். ஜவுளிக்கடை மாடி குடோன்ல ஒரு அடுப்பைத் தூக்கி வச்சு, கொடியில நாலு ஈரச் சேலையைத் தொங்கவிட்டு, குடித்தனம்னு காட்டினாங்க. உரக்கடை மாணிக்கவாசகம் மூட்டைக்கு நடுவுல தொட்டில் கட்டிட்டாரு. பிள்ளை எங்கன்னு சார் கேட்டதுக்கு, தடுப்பூசி போடப் போயிருக்குன்னு சொல்லிட்டாரு. மனுஷனுக்கு அப்போ அறுபத்தெட்டு வயசு. சார் அதையும் எழுதிக்கிட்டுப் போனாராம்.

எனக்கு அந்த மாதிரிக் கோமாளித்தனம் பிடிக்காது. நான் ஃபாரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு பக்கம் விடாம படிச்சேன். ஒன்பதாவது பக்கத்துல இருந்துச்சு. தொடர்ந்து பூட்டிக் கிடக்கிற கடைக்குப் பாதி வரி தள்ளுபடி. நாற்பத்தேழு ஏவுக்குத் தனி வரி நம்பர் இருக்கு. அப்போ அது பூட்டிக் கிடக்குன்னு எழுதினா பாதி. சுயமா நாமளே எழுதிக் கொடுக்கிற ஃபாரம், அப்புறம் ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போவாங்க, அவ்வளவுதான். படிச்ச பயலுக யாரும் அதைக் கவனிக்கலை. நான் கவனிச்சேன். அன்னைக்கு எனக்கு இருந்த தெம்பு சொல்லி மாளாது.

ஆனா அது பூட்டிக் கிடக்கலை மேடம். அதுக்குள்ள புஷ்பம் இருந்தா.

ராஜபுஷ்பம். என் தங்கச்சி. எனக்கு ஆறு வருஷம் இளையவ. சிவகாசிப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான், மஞ்சக்காமாலையில போயிட்டாரு. ஏழு வயசுப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா. அப்பா அம்மா அப்போ இல்லை. நான்தான் எல்லாம். என் வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூம் இருந்துச்சு, அதுல இருக்கச் சொன்னேன். நான் என்ன குறை வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

அவ வந்த மறுவருஷம் எனக்குக் கடையைப் பெருசாக்கணும்னு ஆசை. பேங்குல கேட்டா, கட்டடம் அப்பா பேர்ல இருக்கு, ஒரே ஆள் பேர்ல மாத்திக் கொண்டு வாங்கன்னாங்க. புஷ்பத்துக்கிட்ட சொன்னேன். எந்த இடத்துலண்ணே கையெழுத்துப் போடணும்னு மட்டும்தான் கேட்டா. ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சுல பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்துல போட்டுக் கொடுத்தா. படிச்சுக்கூடப் பாக்கலை. அப்படி ஒரு தங்கச்சி மேடம். வெளியில வந்ததும் நானே சொன்னேன், ஏ புஷ்பம், அந்த எட்டடி இடம் எப்பவும் உனக்குத்தான், யாரும் உன்னை எழுப்ப முடியாதுன்னு. நானாத்தான் சொன்னேன், அவ கேக்கலை. அவளுக்கு வாடகை இல்லாம இடம் கொடுத்தேன் மேடம். பத்தொன்பது வருஷம். கரண்டுக்கு மட்டும் தனி மீட்டர் வச்சுக் கொடுத்தேன், அதை அவ கட்டிக்கிட்டா.

அதுல என்ன பண்ணினாங்கிறீங்களா? பேர் வெட்டினா. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கினா பேர் வெட்டுவாங்கல்ல, அது. சின்ன மெஷின், பேனா தண்டிதான் இருக்கும், சத்தம் மட்டும் பல்லு கூசும். எங்க கடைக்கு வாரம் ரெண்டு நாள் பேர் வெட்ட ஒருத்தர் வருவாரு, அவர் பக்கத்துல உட்கார்ந்து பாத்தே பிடிச்சுக்கிட்டா. தரையில சம்மணம் போட்டு, குடத்தை மடியில சாய்ச்சு வச்சு, பேப்பர்ல எழுதுற மாதிரி எழுதுவா. கோணாது. பேர் முடிஞ்சதும் ஒரு சின்னப் புள்ளி வைப்பா. எதுக்கு அதுன்னு கேட்டா, இதுக்கு மேல யாரும் எதையும் சேர்க்கக் கூடாதுல்லண்ணே, அதுக்குன்னு சொல்வா. இந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணி கொண்டு வர்ற சொம்பைத் திருப்பிப் பாருங்க, அந்தப் புள்ளி இருக்கும்.

என் கடையில வாங்குற சாமானுக்குப் பேர் வெட்டுறது இலவசம்னு போர்டு வச்சேன். அதுக்கப்புறம்தான் யாவாரம் சூடு பிடிச்சுது, இல்லைங்கலை. அதுக்குக் கூலின்னு நான் கொடுத்ததும் இல்லை, அவ கேட்டதும் இல்லை. கூடப் பிறந்தவங்களுக்குள்ள என்ன கூலி? வெளியாளுங்க கொண்டு வர்ற சாமானுக்கு அவ வாங்கிக்குவா. அதுல பிள்ளையைப் படிக்க வச்சு ராஜபாளையத்துல கட்டியும் கொடுத்துட்டா. அந்தக் கல்யாணத்துக்கு நான் பெரிய அண்டா ஒண்ணு, குத்துவிளக்கு ஒரு ஜோடி சீர் வச்சேன். தாய்மாமன் க. ரத்தினவேல் சீர்னு என் பேரை அவதான் வெட்டினா. வெட்டி முடிச்சுத் துடைச்சு, எங்க அண்ணன் பேருதான் பெருசா இருக்கணும்னு சிரிச்சா.

சரி, ஃபாரத்துக்கு வர்றேன். நாற்பத்தேழு ஏ, பூட்டிக் கிடக்குதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு வியாழக்கிழமை வந்து பாக்கிறோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. புஷ்பத்துக்கிட்ட விவரத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை ஒரு நாள் கடைக்கு வராத தாயி, ஒரே ஒரு நாள், ஷட்டரை இறக்கி வச்சிருவோம்னேன். சரிண்ணேன்னா. பஜாரே அப்படி இப்படிப் பண்ணிக்கிட்டு இருக்கு, இதுல சொல்ல என்ன இருக்கு?

ஆனா வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம், அந்தச் சீர்ச் சாமான் அவ கையில இருந்துச்சு. கடைசிக் குடம் மட்டும் பாக்கி. சார் பதினொரு மணிக்கு மேல வருவாருன்னு நான்தான் சொல்லியிருந்தேன். காலையில எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துட்டா, பத்துக்குள்ள முடிச்சிட்டுப் போயிருவேன்னு. சார் ஒன்பதரைக்கு வந்துட்டாரு மேடம். தெரு முனையில உரக்கடைக்காரர் கைகாட்டினாரு. பாக்கிறேன், பையும் டேப்புமா வந்துக்கிட்டு இருக்காரு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அவளை வெளியில வரச் சொல்லியிருக்கலாம்னு இப்போ சொல்றது சுலபம். மெஷினு, குடம், அண்டா, கிண்ணம்னு சுத்தி அத்தனை சாமான். புஷ்பம், சத்தம் காட்டாதன்னு சொல்லி ஷட்டரை இறக்கிட்டேன். மீட்டர் சுத்துறது தெரிஞ்சா மாட்டிக்குவோம்னு அந்தப் பக்கத்து மெயினையும் இறக்கிட்டேன். பூட்டும் போட்டேன்.

சித்திரை மாசம் மேடம். மேல தகரம்.

சார் வந்தாரு. இதை அளந்தாரு, பின்பக்கம் போய் அளந்தாரு. அப்புறம் நாற்பத்தேழு ஏ முன்னாடி வந்து நின்னு, திறங்கன்னாரு. சாவி தொலைஞ்சு வருஷக்கணக்காச்சு சார், உள்ள ஒண்ணுமில்லை, எலிதான் இருக்கும்னேன். டேப்போட ஒரு முனையை என் கையில கொடுத்தாரு. ஷட்டரை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெளி அளவு போதும்னுட்டாரு. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. அதோட போயிருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்.

ஒரு டீ சாப்பிடுங்க சார்னு நான்தான் சொன்னேன். அதிகாரி ஒருத்தர் வந்தா சொல்லாம இருக்க முடியுமா? இதே ஸ்டூலைத் தூக்கி நாற்பத்தேழு ஏ வாசல்ல போட்டேன், அங்கதான் அந்நேரம் நிழல் விழும். ஷட்டர்ல சாஞ்சு உட்கார்ந்து டீ குடிச்சாரு. வடை சாப்பிட்டாரு. செம்பு விலை கேட்டாரு. அவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிறதாச் சொன்னாரு, எவர்சில்வர் செட்டு எவ்வளவு ஆகும்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். முக்கால் மணி நேரம். நான் ஒண்ணும் வேணும்னு இழுக்கலை மேடம், அவர் எழுந்திருக்கலை.

எழுந்திருக்கிறப்ப ஃபாரத்தைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. இவ்வளவு நல்ல இடத்தை எதுக்குங்க பூட்டிப் போட்டிருக்கீங்க, பங்குத் தகராறா, கூடப் பிறந்தவங்க யாரும் கேஸு கீஸு போட்டிருக்காங்களான்னு. தகராறுன்னா அதுக்குத் தனியா ஏதோ எழுதணுமாம்.

"கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது சார். நான் ஒத்தைப் பிள்ளை"ன்னு சொல்லிட்டேன்.

அது எப்படி வாயில வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. தகராறு எதுவும் இல்லைன்னு சொல்லியிருந்தாப் போதும். வடை வாங்கிட்டு வந்த கையோட, சிரிச்ச முகமாச் சொல்லிட்டேன். சார் எழுதிக்கிட்டாரு. என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. தெரு திரும்புற வரைக்கும் நின்னு கும்பிட்டு அனுப்பிட்டு வந்து பூட்டைத் திறந்தேன்.

உள்ள இருட்டுல அப்படியே உட்கார்ந்திருந்தா. குடம் மடியில. கையைக்கூட எடுக்கலை. சேலை பூரா தண்ணில முக்கி எடுத்த மாதிரி நனைஞ்சிருக்கு. வெளியில வந்து, இந்தா இந்தத் தொட்டியில முகம் கழுவினா. சொம்புல தண்ணி மொண்டு குடிச்சா, மறுபடி மொண்டு குடிச்சா. பாதி வரி மிச்சம் புஷ்பம், தீபாவளிக்கு உனக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துத் தர்றேன்னு சொன்னேன். நல்லதைத்தானே சொன்னேன்.

மெயினைப் போடுண்ணேன்னா. போட்டேன். திரும்பப் போய் உட்கார்ந்து, குடத்துல பாதியில நின்ன பேரை முடிச்சா. ஒரு எழுத்து கோணலை, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். புள்ளி வச்சுட்டு, நிமிராமக் கேட்டா.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு அப்படித்தான் சொல்லணுமாண்ணே?"

"அட, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீ அதை வேற மனசுல வச்சுக்கிட்டு"ன்னேன்.

அவ குடத்தைத் துடைச்சு ஓரமா வச்சா. நானும் அதோட முடிஞ்சுதுன்னு கல்லாவுக்கு வந்துட்டேன். யாவார நேரம்.

பதினோரு நாள் வந்தா மேடம். கையில இருந்த ஆர்டர் எல்லாத்தையும் ஒண்ணு விடாம முடிச்சா. புதுசா யாரு கொண்டு வந்தாலும் வேண்டாம்னு திருப்பி அனுப்பினா. அது எனக்கு அப்போ தெரியலை, பின்னாடி டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டாம் நாள் சாவியைக் கல்லாப்பெட்டி மேல வச்சுட்டு, சுகந்தி கூப்பிடுறாண்ணே, கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னா. சுகந்தி அவ மக. பிள்ளை உண்டாகியிருந்தா. தாய் போகாம வேற யாரு போவாங்க? போயிட்டு வா தாயின்னு சொல்லி பஸ்ஸுக்கும் கொடுத்தேன். வாங்கிக்கலை, இருக்குண்ணேன்னுட்டா. மெஷினை எடுத்துட்டுப் போகலை. அதனால திரும்பி வருவான்னுதான் நான் நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க?

அடுத்த மாசம் உங்க ஆபீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டினாங்க. போய்ப் பாத்தேன். நாற்பத்தேழு ஏ, காலின்னு இருந்துச்சு. பஜார்ல தொட்டில் கட்டினவன் அடுப்பு வச்சவன் எல்லாம் மாட்டிக்கிட்டான், அபராதத்தோட. நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன். எனக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா மேடம். திரும்பி வந்து ஷட்டரைத் திறந்து, புஷ்பம், நம்ம கடை ஜெயிச்சிருச்சுன்னு சொல்லப் போறேன். உள்ள யாரும் இல்லை. சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

தீபாவளி வந்துச்சு. சேலை எடுக்கலாம்னு ஜவுளிக்கடை வரைக்கும் போனேன். அவ வரட்டும், வந்து அவளே கலர் பாத்து எடுக்கட்டும்னு திரும்பிட்டேன். என் வீட்டுக்காரி சொன்னா, நீங்க ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வாங்க, அவ நாத்தனார்னு இல்லை, எனக்கே வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு. நான் என்ன தப்புப் பண்ணினேன், நான் எதுக்குப் போகணும்னு கேட்டேன். இதுக்குப் போயா ஒருத்தி கோவிச்சுக்குவா? ஒரு வார்த்தை மேடம். ஒரே ஒரு வார்த்தை. பத்தொன்பது வருஷம் ஒரு பக்கம், அந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம்.

போன் பண்ணினா எடுப்பா. அதை நான் மறைக்கக் கூடாது. நல்லா இருக்கியாண்ணே, மதினி நல்லா இருக்கா, சுகர் மாத்திரை போடுறியான்னு கேப்பா. எப்போ வர்றன்னா, வர்றேன்ம்பா. ஒரு தடவைகூடக் கோவமாப் பேசலை. அதனால கோவம் இல்லைன்னுதான் நான் இருந்தேன். நாலு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு. எல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு.

போன வருஷம் பங்குனியில ஒரு நாள் காலையில ஒரு போன். சுகந்தி இல்லை, அவ எதிர் வீட்டுக்காரரு. உங்க தங்கச்சி தவறிட்டாங்க, தெரியுமா தெரியாதான்னு தெரியலை, அதான் சொன்னேன்னாரு. நெஞ்சு வலின்னு சொல்லிப் படுத்தவ எந்திரிக்கலையாம்.

உங்களுக்கே தெரியும், ஒரு பொம்பளை செத்துப்போனா பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தாத்தான் எடுப்பாங்க. அண்ணன் தம்பி எவ்வளவு தூரத்துல இருந்தாலும், எவ்வளவு சண்டையா இருந்தாலும், சேலையும் கையுமா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க. பிறந்த வீட்டுச் சேலையைப் போத்தாமப் போகக் கூடாது. நான் ஜவுளிக்கடைக்காரரை வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்து கடையைத் திறக்கச் சொல்லி, பட்டு எடுத்தேன். அரக்குல பச்சை பார்டர். அவளுக்கு அரக்கு பிடிக்கும். கார் பிடிச்சுப் போனேன். வழியில பூரா நினைச்சுக்கிட்டே போனேன், எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க, நான் போகாம எடுக்க மாட்டாங்கன்னு. அதுல ஒரு தெம்பு இருந்துச்சு மேடம், சொல்லவே கேவலமா இருக்கு. எப்படியும் கடைசியில நான் வேணும்ல அவளுக்குன்னு.

போய் இறங்குறேன், பாடையில வச்சாச்சு. வாசல்ல என் அண்டா. குளிப்பாட்டின தண்ணி மிச்சம் அதுல பாதி கிடக்கு. தாய்மாமன் க. ரத்தினவேல் சீர். அவ வெட்டினது. புள்ளி அப்படியே இருக்கு. வாசல்ல நின்ன பெரியவர் ஒருத்தர், நீங்க யாருன்னு கேட்டாரு. அண்டாவைக் காட்டினேன். அதுல இருக்கிறது என் பேருன்னு.

அவர் பாத்துட்டு, பிறந்த வீட்டு முறை முடிஞ்சிருச்சேய்யான்னாரு. பக்கத்துத் தெருவுல ஒரு பையன், இவளை அத்தைன்னு கூப்பிடுவானாம், அவனை வச்சுக் கோடி போட்டுட்டாங்களாம். நான் சத்தம் போட்டேன். நான் உயிரோட இருக்கேன், கூடப் பிறந்தவன் இருக்கேன், எவனோ ஒருத்தனை வச்சு எப்படிப் போடலாம்னு கேட்டேன். அப்பதான் சுகந்தி வந்தா. என் மருமக. நான் வளர்த்த பிள்ளை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெல்லமாச் சொன்னா.

"அம்மா சொல்லி வச்சிருந்துச்சு மாமா. எனக்குப் பிறந்த வீட்டுல யாரும் கிடையாது, கோடிக்குன்னு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்னு. பல தடவை சொல்லுச்சு. நாங்க என்ன மாமா பண்ண?"

பிள்ளைக்கு விவரம் தெரியாது மேடம். அன்னைக்கு ஷட்டருக்குள்ள இருந்ததை அவ அம்மா அவகிட்டச் சொல்லவே இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்கலை. என்ன மாமா உங்களுக்குள்ள நடந்துச்சுன்னு என்கிட்டயே கேக்கிறா. ஒண்ணும் இல்ல தாயின்னேன்.

சேலையை வாங்கிக்கலை. முறை ஒரு தடவைதானாம். கையில வச்சுக்கிட்டே பின்னாடி நடந்து போனேன். கடைசியில, வரிசையில, தெரிஞ்சவன் அறிஞ்சவன்கூட. திரும்பி வந்து, வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்து, ஷட்டரைத் தூக்கி, அந்தச் சேலையை அவ மெஷின் மேல விரிச்சுப் போட்டேன். மறுபடி இறக்கிப் பூட்டினவன்தான். அன்னைக்குப் போட்ட பூட்டுதான் இது.

என்னைத் திட்டுறதுன்னா திட்டுங்க மேடம். வீட்டுக்காரி திட்டிட்டா. நீங்களும் யாருக்கோ கூடப் பிறந்தவங்கதானே. ஆனா நீங்களே சொல்லுங்க, நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்? வாடகை இல்லாம இடம் கொடுத்தேன், சீர் செஞ்சேன், ஒரு நாள்கூட முகம் சுளிச்சது கிடையாது. அந்த ஒரு கேள்வி மட்டும் சார் கேக்காம இருந்திருக்கலாம்.

சரி, நேரம் ஆகுது உங்களுக்கு. எந்தப் பெட்டின்னு இப்போ சொல்றேன். வாடகை கிடையாது, நான் வாங்கினது இல்லை. காலி கிடையாது, உள்ள அவ மெஷின் இருக்கு, சேலை இருக்கு. சொந்த உபயோகம்னு தொடுங்க. அனுபவிக்கிறவர் பேர் கேக்குதா? ராஜபுஷ்பம். க. ராஜபுஷ்பம். தகப்பனார் பேர் எனக்கும் அவளுக்கும் ஒண்ணுதான்.

இறந்தவங்க பேரை ஏத்துக்காதா? அவ உயிரோட இதுக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப, ஆளே இல்லைன்னு எழுதினதை ஏத்துக்கிட்டீங்களே மேடம். லிஸ்ட் போட்டு போர்டுல ஒட்டுனீங்களே. இல்லாதவளை இருக்கான்னு ஒரே ஒரு தடவை எழுதினா என்ன குறைஞ்சு போயிரும்?

சரி, சரி. உங்க வேலைக்கு இடைஞ்சல் வர வேண்டாம். என் பேரையே போடுங்க, முழு வரி வரட்டும், கட்டிக்கிறேன். அளவு மட்டும் உள்ள வந்து எடுங்க. போன தடவை வெளியில அளந்துட்டே போயிட்டாங்க. ஷட்டரைத் தூக்குறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி விழும். டேப்பைக் கொடுங்க, இந்த முனையை நான் பிடிச்சுக்கிறேன்.

உங்க போன் ஃபாரத்துல கீழ குறிப்புன்னு ஒரு இடம் இருக்குமே, இருக்கா? அங்க ஒரு வரி எழுதுங்க மேடம். இந்தக் கடைக்காரருக்குக் கூடப் பிறந்த தங்கச்சி ஒருத்தி உண்டுன்னு. போன தடவை சார் கேட்டதுக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன், அதைத் திருத்தணும், அவ்வளவுதான். உங்க ஆபீஸ்ல யாரும் படிக்க வேண்டாம். எழுதியிருந்தாப் போதும்.

எழுதிட்டீங்களா? எங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.

ம். முடிவுல ஒரு புள்ளி வச்சிருங்க.